உச்சி இலையில் மஞ்சள்

அத்தியாயம் 5

"விஷம்," என்றாள் மெரெடித். "சந்தேகமே இல்ல. விஷம் வெச்சிருக்கான்."

துப்பறியும் நிபுணர் டெஸ்மண்ட் கார்மோடி பிணத்தைக் குனிந்து பார்த்தார். பிணம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். நான்கு கறுப்புத் துணித் தொட்டிகளில் நான்கு கஞ்சாச் செடிகள், இடுப்புயரத்தில், உயிரோடுதான் நின்றன. ஆனால் பதினோரு வருடத் துப்பறியும் வாழ்க்கையில் கார்மோடிக்கு ஒரு பிணம்கூட வாய்த்ததில்லை. காணாமல்போன பூனைகள் முப்பத்தெட்டு. முதுகுவலி என்று விடுப்பு வாங்கிக்கொண்டு பனிச்சறுக்கு விளையாடப் போன அரசு ஊழியர்கள் ஆறு பேர். ஒரு கோழி. அந்தக் கோழியும் உயிரோடு கிடைத்துத் தொலைத்தது. அதனால் கிடைத்ததையே பிணமாக நினைத்துக்கொண்டு குனிவது அவருக்குப் பழகிப் போயிருந்தது.

குனிந்தவரால் நிமிர முடியவில்லை.

"பாஸ், ஆழமா யோசிக்கறீங்களா, இல்ல இடுப்பு பிடிச்சிக்கிச்சா?" என்றாள் ஜெட்டா.

"யோசிக்கறேன்."

"சரி. யோசிச்சு முடிச்சதும் கைய நீட்டுங்க, தூக்கி விடறேன்."

ஜெட்டா ஸ்டாவ்ரூ அவருடைய ஒரே உதவியாளர். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு நாற்றுப்பண்ணையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள். 'இது எங்க வீட்டில் வளருமா?' என்று கேட்ட வாடிக்கையாளர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னதால் வேலை போயிற்று. உண்மை பேசுகிற ஆள் துப்பறியும் அலுவலகத்துக்குத் தேவைப்படுமே என்று கார்மோடி அவளைச் சேர்த்துக்கொண்டார். அந்த உண்மைகளில் பாதி தன்னைப் பற்றியதாக இருக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு தொட்டியிலும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை தொங்கியது. மெரெடித் 1, மெரெடித் 2, கெஸ்டர் 1, கெஸ்டர் 2. கான்பெராவில் ஆளுக்கு இரண்டு செடி, வீட்டுக்கு நான்கு, அதுவும் வெயிலில்தான் வளர்க்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான் சொல்கிறது. அட்டையும் உறையும் மெரெடித் தானாகச் சேர்த்துக்கொண்டவை. இருபத்தாறு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த கை சும்மா இருக்காது.

வராந்தா நிழலில் சக்கர நாற்காலியில் அவள் கணவன் கெஸ்டர், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நரம்பில் நோய். பகலெல்லாம் மரத்துக் கிடக்கும் கால்கள் ராத்திரியானால் முறுக்கிக்கொண்டு துடிக்கும். இந்தச் செடிகளின் பூவை வைத்து மெரெடித் காய்ச்சும் எண்ணெயில் நாலு சொட்டு நாக்கில் விட்டால்தான் கண் மூடுவார். போன வருட எண்ணெயில் இரண்டு விரற்கடைதான் மிச்சம். இப்போது பிப்ரவரி. இன்னும் இரண்டு வாரத்தில் இலை பச்சைக்குத் திரும்பாவிட்டால் மார்ச்சில் பூவில்லை, அப்புறம் வருடம் முழுக்கத் தூக்கமில்லை. தெருவில் யார் வீட்டில் நன்றாக விளைந்தாலும் வாங்கிக்கொள்ளவும் முடியாது. இங்கே வளர்க்கலாம், பயன்படுத்தலாம். அடுத்தவருக்கு ஒரு இலைகூடக் கொடுக்கக் கூடாது.

"மூணு வாரமா ராத்திரி பூரா இங்கதான் உக்காந்திருக்கேன்," என்று மெரெடித் ஒரு மடக்கு நாற்காலியைக் காட்டினாள். அதன்மேல் போர்வை, டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். அவள் கண்கள் சிவந்து, இமை தடித்திருந்தன. "எப்ப வர்றான், எப்படி வர்றான்னே தெரியல. ஆனா யாருன்னு தெரியும்."

வேலிக்கு அந்தப் பக்கம் பதினாலாம் நம்பர் வீடு. நவம்பரில் குடிவந்த வார்விக் மட்ஜ் முப்பது வருடம் போலீஸில், அதுவும் கஞ்சா பிடிக்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவரும் சட்டப்படி இரண்டு செடி வைத்திருந்தார். இரண்டும் கண்ணைப் பறிக்கும் பச்சையில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தன.

"முப்பது வருஷம் பிடுங்கின கை," என்றாள் மெரெடித். "பழக்கம் விடுமா? புகார் எழுதி வெச்சிட்டேன். மூணு பிரதி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க வேற ஆளக் காட்டலன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போறேன், டெஸ்."

மணி பதினொன்று. கார்மோடி ஒரு இலையைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் 'ம்ம்' என்று சொல்லிவைப்பது அவர் தொழில்முறை.

"ம்ம்," என்றார்.

"என்ன தெரியுது பாஸ்?"

"மஞ்சளா இருக்கு."

"அபாரம்." ஜெட்டா தொட்டியருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்க பாருங்க. அடி இலை பச்சை. நடு இலை பச்சை. உச்சில புதுசா வந்ததுதான் மஞ்சள். அதுலயும் நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. விஷம்னா மாடி பாத்தா ஏறும்? எல்லாத்தையும்தானே கருக்கும்?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"தழைச்சத்து பத்தலன்னா செடி கிழட்டு இலைலேருந்து உருவிக் குழந்தைக்குக் குடுக்கும். அப்போ கீழ மஞ்சளாகும். மக்னீசியமும் அப்படித்தான். இரும்புச்சத்த அப்படி உருவ முடியாது. அது பத்தலன்னா புது இலைதான் பட்டினி. இது இரும்பு."

"இரும்பு போட்டேனே!" என்று மெரெடித் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "வாரா வாரம். தேதியோட எழுதியிருக்கேன்."

"அப்போ மண்ணுல இரும்பு இருக்கு, செடியால எடுத்துக்க முடியல. மண்ணு காரமாயிட்டா அப்படித்தான் ஆகும். சோறு தட்டுல இருக்கும், வாயத் தெறக்க முடியாது."

"காரமா? இல்லவே இல்ல!" மெரெடித்துக்குக் கோபம் வந்துவிட்டது. "பி.எச். அளந்துதான் எல்லாம் பண்றேன். ஜனவரில அஞ்சரை காட்டுச்சு. ரொம்ப அமிலம். சுண்ணாம்பு போட்டேன். அளந்து அளந்து போட்டு ஆறரைக்குக் கொண்டுவந்தேன். இன்னிக்குக் காலைலகூட ஆறரை. அதுக்கு மேல சரியான அளவே கெடையாது."

கார்மோடியின் மூளையில் விளக்கு எரிந்தது. அவருடைய மூளையில் விளக்கு எரிந்தால் ஜெட்டா வழக்கமாகக் குடையைத் தேடுவாள்.

"இவங்க அளந்துட்டுப் போனப்புறம்," என்று குரலைத் தாழ்த்தினார், "எவனோ வந்து இன்னும் சுண்ணாம்பு போடறான். மறுபடி அளக்கறதுக்குள்ள மேல் மண்ணை மாத்திடறான்."

"பாஸ், அவங்க ராத்திரி பூரா இங்கதான் உக்காந்திருக்காங்க."

"கண்ணசந்திருப்பாங்க."

"நான் கண்ணசரல," என்றாள் மெரெடித்.

"மனுஷங்கன்னா கண்ணசரத்தான் செய்வாங்க. நானே இப்போ லேசா அசந்துதான் நிக்கறேன்," என்று கார்மோடி வேலியை நோக்கி நடந்தார். நடை கம்பீரமாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த தோட்டக் குழாயைக் கவனிக்காதது மட்டும்தான் குறை.

வார்விக் மட்ஜ் கதவைத் திறந்த விதத்திலேயே போலீஸ் தெரிந்தது. முதலில் அவர்கள் கைகளைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

"வாங்க. மூணு மாசத்துல என் கேட்டுக்குள்ள வந்த முதல் ஆளுங்க நீங்கதான். மேக்பை பறவை கொத்த வந்ததச் சேர்த்தா ரெண்டாவது," என்றார். "டீ போடவா? லாமிங்டன் இருக்கு, தேங்காய்த் துருவல் போட்ட கேக். நானே செஞ்சது, அதனால பயப்படலாம்."

கார்மோடி டீயை மறுத்தார். சந்தேகத்துக்குரியவர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது அவர் விதி. ஜெட்டாவுக்கு அப்படி எந்த விதியும் இல்லாததால் இரண்டு லாமிங்டன் எடுத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் மட்ஜ், உங்க செடிங்க மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?"

"தொட்டில ஏத்தின வாரத்துல என்ன மண்ணோ அதே மண்ணுதான். கூரை மழைத்தண்ணி ஒரு தொட்டில பிடிச்சு வெச்சிருக்கேன், அத ஊத்துவேன். அப்புறம் சும்மா பாத்துட்டிருப்பேன்," என்றார் வார்விக். "முப்பது வருஷத்துல ஆயிரக்கணக்கா பிடுங்கியிருக்கேன் சார். ஆராய்ச்சி பண்ணி வளத்தவன் வீட்டுல எப்பவும் மஞ்சளாத்தான் இருக்கும். சோம்பேறிங்க வீட்டுலதான் ஜோரா இருக்கும். நான் எந்தப் பக்கம்னு ரிட்டயர் ஆனப்புறம் முடிவு பண்ணிட்டேன்."

கார்மோடியின் பார்வை கார் நிறுத்தும் கொட்டகைக்குள் போய் நின்றது. சுவரோரம் சாய்ந்திருந்தது ஒரு மூட்டை. அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'சுண்ணாம்பு'.

"ஆகா," என்று பாய்ந்தார். "இது என்ன?"

"சுண்ணாம்பு."

"ஒத்துக்கறீங்களா?"

"அதுலதான் எழுதியிருக்கே. கோழிக்கூட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கினேன்."

"கோழி எங்க?"

"இன்னும் வாங்கல. தனியா இருக்கறவனுக்கு எதையும் அவசரமா வாங்கத் தோணாது."

"ஜெட்டா, எழுதிக்கோ. சந்தேகத்துக்குரிய நபர், இல்லாத கோழிக்கு..."

"பாஸ்," என்றாள் ஜெட்டா, வாய் நிறையத் தேங்காய்த் துருவலோடு. "மூட்டை வாய் தையல் பிரிக்கவே இல்ல."

கார்மோடி தையலைப் பார்த்தார். ஒரு நூல்கூட விலகாமல், கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது. அந்த மூட்டையைக் கையோடு மெரெடித் முன்னால் போடுகிற காட்சி அவர் மனசுக்குள் பாதி ஓடியிருந்தது, கைதட்டலோடு. அதை அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

வார்விக் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"பக்கத்து வீட்டு அம்மா நெனைக்கறது தெரியும்," என்றார். "ராத்திரி டார்ச் அடிச்சா வெளிச்சம் என் படுக்கையறைக்குள்ளதான் விழுது. பரவால்ல. ஆனா சார், நீங்க ஒரு வீட்டையே பாத்துட்டிருக்கீங்க. நான் தினம் காலைல நடக்கப் போவேன். பழைய பழக்கம், அடுத்தவன் தோட்டத்தப் பாக்காம நடக்க வராது. ஒன்பதாம் நம்பர், பதினேழு, இருபத்தொண்ணு. எல்லாத்துலயும் உச்சி மஞ்சள். நான் ராத்திரில நாலு வீட்டு வேலி தாண்டணும்னா எனக்கு வேற முழங்கால் வேணும்."

"நாலு வீடா?" என்றாள் ஜெட்டா. "அவங்க நாலு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் தெருக்கோடில அந்தச் சங்கக் கொட்டகையில சேந்து உக்காந்து டோஸ்டர் ரிப்பேர் பண்றாங்க. நானும் மூணு தடவ கேட்டேன், சேத்துக்கோங்கன்னு. உறுப்பினர் படிவம் தீந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்க."

"அடப்பாவமே. யாரு சொன்னது?"

வார்விக் கார்மோடியைப் பார்த்தார். ஜெட்டாவும் திரும்பிப் பார்த்தாள்.

கொட்டகையின் உறுப்பினர் செயலாளர் டெஸ்மண்ட் கார்மோடிக்குக் காது மடல் சூடாயிற்று. படிவம் தீரவில்லை என்பது அவருக்குத் தெரியும். போலீஸ்காரன் பக்கத்தில் உட்கார்ந்தால் பீர் இறங்காது என்று யாரோ சொன்னார்கள். எதற்கு வம்பு என்று அவர் அப்படிச் சொல்லிவிட்டார். வேறு யாரும் இதைச் செய்திருந்தால் அற்பத்தனம் என்றிருப்பார்.

"அச்சகத்துல தாமதம்," என்று முனகினார்.

கொட்டகை பூட்டியிருந்தது. செயலாளரிடம் சாவி இருந்தது, அது வேறு கால்சட்டையில் இருந்தது. வீட்டுக்குப் போய் எல்லாக் கால்சட்டைகளையும் துழாவி எடுத்து வருவதற்குள் மணி நாலாகிவிட்டது. வழியில், அலமாரியில் வரிசையாக நின்ற தானே வீட்டில் காய்ச்சிய பீர் பாட்டில்களில் ஒன்றை எடுத்து வரலாமா என்று யோசித்ததாக அவர் சொன்னபோது ஜெட்டா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போன வாரம் குடுத்த பாட்டிலே இருக்கு பாஸ். நத்தை பிடிக்கக் கிண்ணத்துல ஊத்தி வெச்சேன். நத்தைங்க கிட்ட வந்து பாத்துட்டு, ரூட் மாத்திப் போயிடுச்சு."

"இந்தத் தடவை கொஞ்சம் சுண்ணாம்பு வாசனை வந்துடுச்சு. மத்தபடி நல்ல பீர்."

கொட்டகைக்குள் மரத்தூள் மணமும் பழைய எண்ணெய் மணமும் கலந்து நின்றன. சுவரில் ஒரு ஆணி, ஆணியில் கயிறு, கயிற்றில் இரவல் பதிவுப் புத்தகம். இந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தாலே ஒருவர் குறிப்பெடுப்பார். ஒரு சுத்தியல் வாங்கிப் போனால்கூடத் தேதி, பெயர், நோக்கம், குறிப்பு என்று நாலு கட்டம் நிரப்ப வேண்டும். குற்றவாளிகள்கூட இங்கே கட்டம் நிரப்பிவிட்டுத்தான் குற்றம் செய்வார்கள் என்று கார்மோடி அடிக்கடி பெருமையாகச் சொல்வதுண்டு.

ஜெட்டா புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி விரலை ஓட்டினாள்.

"பி.எச். மீட்டர். இன்னிக்குக் காலைல திருப்பிக் குடுத்தது பன்னிரண்டாம் நம்பர், நம்ம மெரெடித். அதுக்கு முன்னால இருபத்தொண்ணு. அதுக்கு முன்னால ஒன்பது. பதினேழு. திரும்ப மெரெடித்." அவள் விரல் நின்றது. "பாஸ். நாலு வீடு. நாலும் மஞ்சள்."

"பதினாலு?"

"இல்ல. அவருக்குத்தான் படிவம் தீந்துபோச்சே."

கார்மோடி மெதுவாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். தெரு முழுக்கச் செடி வாட, ஒருவன் செடி மட்டும் ஏன் வாடவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வாடாதவன்மேல் சந்தேகப்பட்டார்கள். அவனை யாரும் கிட்டே சேர்க்காததால்தான் அவன் செடி பிழைத்தது.

ஜெட்டா வண்டிக்குப் போய் ஒரு பிரிக்காத பொட்டலம் கொண்டு வந்தாள். நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே வாங்கிவைக்கிற பழக்கம். தூளைக் கடையில் வாங்கிய சுத்த நீரில் கரைத்தாள்.

"மீட்டரச் சரிபாக்கறதுக்குன்னே விக்கறது. இதோட அளவு சரியா ஏழு. மீட்டர் ஒழுங்கா இருந்தா ஏழுன்னு காட்டணும்."

மீட்டரை முக்கினாள். எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறி நின்றன. 6.2.

"புள்ளி எட்டு கம்மியாக் காட்டுது," என்றாள். "ஜனவரில மெரெடித் மண்ணு உண்மையில ஆறு புள்ளி மூணு. தங்கமான மண்ணு. இது அஞ்சரைன்னு சொல்லியிருக்கு. அவங்க பாவம் பதறிப்போய்ச் சுண்ணாம்பு கொட்டியிருக்காங்க. இது ஆறரை சொல்றப்போ மண்ணு ஏழைத் தாண்டியாச்சு. அங்க இரும்பு செடிக்கு எட்டவே எட்டாது. நாலு வீட்டுலயும் இதே கூத்துதான். யாரும் வேலி தாண்டி வரல பாஸ். அவங்கவங்க செடிய அவங்கவங்களே பட்டினி போட்டிருக்காங்க. நேரம் தவறாம, கையெழுத்துப் போட்டு."

"அப்போ குற்றவாளி இந்த மீட்டர்!"

"மீட்டர் தானா தப்பாகாது. யாரோ அதத் தப்பா திருகி வெச்சிருக்காங்க."

கார்மோடி துள்ளி எழுந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு தடயம் அடுத்த தடயத்துக்கு அவரைக் கூட்டிப் போகிறது. இடுப்புகூட வலிக்கவில்லை.

"பிடிச்சிடலாம்! புத்தகத்துல இருக்கும். எந்த மடையன்னு பாரு. ஒரு மனுஷனோட தூக்கத்தையே கெடுத்திருக்கான். பொறுப்பில்லாத ஜென்மம். அவன் பேரப் பெரிசா எழுதி இந்தச் சுவத்துல ஒட்டறேன் பாரு."

ஜெட்டா பக்கத்தைத் திருப்பினாள். ஒரு வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கிண்டல் வரவில்லை.

"பாஸ், உக்காருங்க."

"ஏன்?"

"உக்காருங்க, சொல்றேன்." அவள் வாசித்தாள். "ஜனவரி பதினொண்ணு. நோக்கம், பீர். குறிப்பு: சரிபார்க்கும் பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன. தண்ணீர் என்றால் ஏழுதான் என்பதால் குழாய்த் தண்ணீரை வைத்தே மீட்டரைச் சரிசெய்துவிட்டேன். அருமையாக வேலை செய்கிறது. அடுத்து வருபவர்கள் கவலைப்பட வேண்டாம்." கடைசி வரிக்கு விரலை நகர்த்தினாள். "கீழ ரெண்டு கோடு போட்டு, டெ. கார்மோடி, செயலாளர்."

வெளியே கக்கட்டூ கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே பறந்து போயிற்று. தன்னைப் பார்த்துத்தான் என்று கார்மோடிக்குப் பட்டது.

"பள்ளிக்கூடத்துல தண்ணி ஏழுன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க," என்றார் பரிதாபமாக.

"அது சுத்தமான தண்ணி பாஸ். நம்ம குழாய்ல, பைப் அரிக்காம இருக்கச் சுண்ணாம்பு சேத்துத்தான் விடறாங்க. எட்டுக்குக் கிட்ட இருக்கும். நீங்க எட்டப் பாத்து ஏழுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க. அதுவும் நம்பிடுச்சு."

"பீர்ல நான் சுண்ணாம்பு சேத்ததும் அதனாலதான்..."

"நத்தைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

மணி நாலரை. கார்மோடி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் கோத்துத் தைத்த நோட்டு. ஒரு தாள் போனால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

"கரப்பான் தின்னுடுச்சுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"கரப்பான் உங்க கையெழுத்த மட்டும் தேடித் தின்னுச்சா?"

"மீட்டர் பழுதுன்னு மட்டும் சொன்னாப் போதும் இல்ல? அது பொய் இல்லையே."

"பொய் இல்ல," என்றாள் ஜெட்டா. திறந்த பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள். அவள் கிண்டல் செய்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தையல் பிரிக்காத ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கில் போடத் தயாராக இருந்தோமே என்று நினைத்தபோது கார்மோடிக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம். ஆணியிலிருந்து கயிற்றோடு புத்தகத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளே கட்டுக் கட்டாக இருந்த உறுப்பினர் படிவங்களில் ஒன்றையும் உருவிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மெரெடித் வாசலில் நின்றிருந்தாள். கையில் மூன்று பிரதி. தோளில் பை. ஒரு காலில்தான் தன் செருப்பைப் போட்டிருந்தாள். இன்னொரு காலில் கெஸ்டருடைய செருப்பு. அதை அவள் கவனிக்கவே இல்லை.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

"கண்டுபிடிச்சேன். உள்ள போய்ப் பேசலாம். வார்விக்கையும் கூப்பிடணும்."

"அந்த ஆளா? என் தோட்டத்துக்கா?"

வேலிக்கு மேல் வார்விக்கின் தலை ஏற்கெனவே தெரிந்தது. "இங்கேருந்தே கேட்டுக்கறேன்," என்றார்.

கெஸ்டர் ரேடியோவை அணைத்தார். கார்மோடி நான்கு தொட்டிகளுக்கு நடுவில் நின்று புத்தகத்தை விரித்து, அந்தக் குறிப்பைக் கடைசி எழுத்து வரை சத்தமாகப் படித்தார். 'செயலாளர்' என்ற சொல்லில் மட்டும் குரல் கம்மிவிட்டது. பிறகு புள்ளி எட்டு கணக்கைச் சொன்னார். ஜெட்டா அளவுக்குத் தெளிவாக வரவில்லை, ஆனாலும் புரிந்தது.

"வார்விக் எதுவும் பண்ணல. யாரும் எதுவும் பண்ணல. நான்தான் பண்ணினேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம். ஆனா தெரியாத வேலைய ஏன் தெரிஞ்ச மாதிரி ரெண்டு கோடு போட்டு எழுதினேன்னு கேட்டா பதிலில்ல. மன்னிச்சிடுங்க, மெரெடித்."

அவள் திட்டுவாள் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவள் திட்டவில்லை. கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தாள், வேலிக்கு மேலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

"பிழைக்குமா?" என்றாள். அதை மட்டும்தான் கேட்டாள்.

கார்மோடி ஜெட்டாவைப் பார்க்க, அவள் வாயைத் திறப்பதற்குள் வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மஞ்சளானது மஞ்சள்தான். இனிமே வர்ற இலை பச்சையா வரும்," என்றார் வார்விக். "வேற மாநிலத்துல வேலை பாத்தப்போ ஒரு வீட்டுல நாப்பது செடி பிடிச்சோம். அச்சு அசல் இதே மஞ்சள். சாட்சியத்துக்காகக் கொல்லைப்பக்கம் தொட்டியோட நிறுத்தி வெச்சோம். மழைக்காலம். வெறும் மழைத்தண்ணி. கேஸ் வர்றதுக்குள்ள எல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. ஃபோட்டோல இருக்கற செடி வேற, இது வேறன்னு நீதிபதி கேஸையே தள்ளிட்டார். எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வு போச்சு."

கெஸ்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாளாகியிருக்க வேண்டும். மெரெடித் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"சுண்ணாம்ப நிறுத்தணும்," என்றாள் ஜெட்டா. "குழாய்த் தண்ணிய நிறுத்தணும். இரும்பக் கரைச்சு இலை மேல தெளிச்சா மண்ணக் கேக்காம நேரா உள்ள போகும். மழைத்தண்ணிய நல்லா ஓட ஓட ஊத்தணும். பத்து நாள்ல உச்சி பச்சையாகும். பூக்கறதுக்கு நேரம் இருக்கு. கொஞ்சமாத்தான், ஆனா இருக்கு."

"மழைத்தண்ணிக்கு எங்க போறது? ஒரு மாசமா மழையே இல்லையே," என்றாள் மெரெடித்.

வார்விக் தொண்டையைச் செருமினார்.

"என் செடிலேருந்து ஒரு இலை எடுத்து உங்களுக்குக் குடுத்தா அது குற்றம். எந்தப் பிரிவுன்னுகூடச் சொல்வேன்," என்றார். "தண்ணி குடுக்கறதுக்குத் தடை எந்தப் பிரிவுலயும் இல்ல. என் தொட்டில ரெண்டாயிரம் லிட்டர் இருக்கு. ஆனா எனக்கு முழங்கால் சரியில்ல. யாராவது தூக்கணும்."

எல்லோரும் யாரைப் பார்த்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கார்மோடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மெரி," என்றார் கெஸ்டர். "இன்னிக்கு ராத்திரி உள்ள வந்து படு."

"எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கு கெஸ். அத நீட்டி..."

"இருக்கற எண்ணெயே மூணு வாரமா வேலை செய்யல. நீ வெளிய ஒக்காந்து தொட்டியக் காவல் காத்துட்டிருக்க. நான் உள்ள ஒக்காந்து உன்னோட டார்ச் வெளிச்சத்தப் பாத்துட்டிருக்கேன். எனக்குத் தூக்கம் வேணும்னுதானே இவ்வளவும் பண்ற? பக்கத்துல நீ இல்லாம எனக்கு எங்க தூக்கம் வருது?"

மெரெடித் நடந்து போய் அவர் நாற்காலியின் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து, அவருடைய மரத்துப்போன முழங்காலில் தலையைச் சாய்த்தாள். மூன்று பிரதியும் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தன. ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லி முடிக்கும் முன்பே தூங்கிப்போனாள், பட்டப்பகலில், இரண்டு வேறு செருப்போடு.

கெஸ்டர் ஒரு கையால் அவள் தலையைத் தொட்டு, இன்னொரு விரலை உதட்டில் வைத்தார்.

வார்விக் வேலிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டார். கார்மோடி உறுப்பினர் படிவத்தை அவர் சட்டைப் பையில் செருகினார். முதல் வாளி வந்தது. ஜெட்டா வழிகாட்ட, கார்மோடி கால் விரல் நுனியில் நடந்து 'கெஸ்டர் 1'க்கு ஊற்றினார். இரண்டாவது வாளியில் பாதி அவர் காலணிக்குள் போயிற்று. அவர் மூச்சுக்கூட விடவில்லை. ஐந்து மணி எப்போது கடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இன்னும் பதினெட்டு வாளி பாக்கி இருந்தது.